நிறுத்தக் கோட்டைத் தாண்டிய 12 மீட்டர்: தரையிறங்கிய பின் நடந்த ஓர் ஓடுபாதை மீறல்

இந்தப் பதிவு எப்படி வந்தது

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக 31 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் குடியிருக்கிறேன். நீலகிரியில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போக வேண்டும். இருந்தும் குன்னூர், ஊட்டி, கோத்தகிரிப் பிள்ளைகள் பலர் விமானிகளாகவும் கேபின் பணியாளர்களாகவும் பொறியாளர்களாகவும் போயிருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களுமாக மாதம் ஒரு சனிக்கிழமை கூடிப் பேசுவோம்.

அந்தக் கூட்டத்துக்கு வரும் ஒரு பெண், குன்னூர் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர், துணை விமானி. அவருக்கும் அவருடைய கேப்டனுக்கும் நேர்ந்தது இது. இரண்டு பேருமே எழுதச் சொன்னார்கள். ஆட்களின் பெயர், நிறுவனம், விமான நிலையம், தேதி எதையும் சொல்லப் போவதில்லை. நொடிக் கணக்கு விசாரணையில் அவர்களுக்குக் காட்டப்பட்ட பதிவிலிருந்து வந்தது. மற்றவை அவர்கள் என்னிடம் நேரில் சொன்னவை.

பின்னணி

சுமார் 170 பேர் ஏறிய, நடுவில் ஒரே நடைவழி கொண்ட ஜெட் விமானம். கேப்டனுக்கு 52 வயது, 11,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். துணை விமானிக்கு 27 வயது, அந்த வகை விமானத்தில் 700 மணி நேரம். அன்றைக்கு அது அவர்களுடைய நான்காவது பயணம். இரவு 10.41க்குத் தரையிறங்கினார்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தரை முழுக்க ஈரம், அதில் விளக்குகளின் பிரதிபலிப்பு.

அந்த நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் அடுத்தடுத்து இணையாக ஓடுகின்றன. வெளி ஓடுபாதையில் இறங்கும் விமானம், முனையக் கட்டடத்துக்கு வர உள் ஓடுபாதையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். உள் ஓடுபாதையில் அந்த நேரத்தில் வேறு விமானங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும். இரண்டையும் இணைக்கும் டாக்ஸிவேயில் (விமானங்கள் தரையில் நகரும் பாதை), வெளி ஓடுபாதையின் நிறுத்தக் கோட்டிலிருந்து உள் ஓடுபாதையின் நிறுத்தக் கோடு வரை ஏறக்குறைய 250 மீட்டர்.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஞ்சள் நிறத்தில் நான்கு வரிகள்: டாக்ஸிவே பக்கம் இரண்டு முழு வரி, ஓடுபாதை பக்கம் இரண்டு விட்டுவிட்டுப் போட்ட வரி. முழு வரி எதிரே வந்தால், டவரின், அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரத்தின், அனுமதி இல்லாமல் மூக்கைக்கூட நீட்டக் கூடாது. ஓரத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதையின் எண் இருக்கும். பெரிய ஜெட்கள் துல்லியக் கருவிகளின் துணையோடு இறங்கும் ஓடுபாதையில் இந்தக் கோடு நடுக்கோட்டிலிருந்து குறைந்தது 90 மீட்டர் தள்ளி இருக்கும். பல இடங்களில் கோட்டின் மேலேயே தரையில் சிவப்பு விளக்கு வரிசை பதித்திருப்பார்கள். அது எரியும்போது யார் சொன்னாலும் தாண்டக் கூடாது. இந்த இணைப்பில் அந்தச் சிவப்பு வரிசை இல்லை. இரண்டு ஓரத்திலும் மாறி மாறி மினுக்கும் மஞ்சள் விளக்குகள் மட்டும் இருந்தன.

இன்னொன்றும் முக்கியம். அன்று மாலை அதே நிலையத்தில் அவர்கள் ஏற்கெனவே ஒரு முறை இறங்கியிருந்தார்கள். அப்போது வெளியேறும்போதே "உள் ஓடுபாதையைக் கடந்து போங்கள்" என்று டவர் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய வாரமும் கேப்டனுக்கு அப்படியேதான் கிடைத்திருந்தது.

இறங்கும் முன் பேசியது

கீழிறங்கத் தொடங்குவதற்கு முன் இருவரும் வழக்கம்போல் பேசிக்கொண்டார்கள். மழை, காற்று, ஈர ஓடுபாதையில் பிரேக் எவ்வளவு பிடிக்கும், இறங்க முடியாவிட்டால் மறுபடி மேலேறும் வழி. ஐந்தாறு நிமிடம் நல்ல பேச்சு. இறங்கிய பிறகு எந்த வழியாகப் போகப் போகிறோம், எங்கே நிற்க வேண்டியிருக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. நிலைய வரைபடத்தில் அந்த இணைப்பு ஆபத்தான இடம் என்று வட்டமிட்டே குறிக்கப்பட்டிருந்தது. வரைபடம் திரையில் திறந்தும் இருந்தது.

கேப்டன் பிறகு என்னிடம் சொன்னார்: "மழையில இறங்கறதுதான் அன்னிக்கு என் மனசுல இருந்த வேலை, சார். சக்கரம் தொட்டதும் வேலை முடிஞ்சுதுன்னு உள்ளுக்குள்ள தோணிடுச்சு." இதை ஒளிக்காமல் சொன்னதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அந்த 25 நொடிகள்

வெளி ஓடுபாதையின் கோட்டை விமானம் கடந்த கணத்தைப் பூச்சியம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஏறக்குறைய 20 நாட், அதாவது நொடிக்கு 10 மீட்டர்.

பூச்சியத்தில் டவர், உள் ஓடுபாதைக்கு முன்பாக நிற்கச் சொன்னது. துணை விமானி அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். 3வது நொடியில் கேபினிலிருந்து அழைப்பு மணி. கேப்டன் கண்ணைக் காட்ட, துணை விமானி எடுத்தார். 14வது வரிசையில் முதியவர் ஒருவர் மயங்கிவிட்டார், மருத்துவர் வேண்டும், நான் அவரோடு நிற்கிறேன் என்று மூத்த கேபின் பணியாளர் சொன்னார். துணை விமானி அதைக் கேப்டனிடம் சொன்னார். கேப்டன், "கம்பெனிக்கு டாக்டர் வேணும்னு சொல்லிடும்மா, அப்படியே ஆஃப்டர் லேண்டிங்கையும் முடிச்சிடு" என்றார். ஆஃப்டர் லேண்டிங் என்பது இறங்கிய பிறகு செய்யும் வேலைகள்; இறக்கையில் நீட்டியிருக்கும் ஃபிளாப்ஸ் தகடுகளை உள்ளிழுப்பதும் அதில் ஒன்று.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த 11வது நொடியில், அதே அலைவரிசையில், உள் ஓடுபாதையில் நின்ற விமானத்துக்கு டவர் கிளம்ப அனுமதி கொடுத்தது. பதிவில் அது தெளிவாகக் கேட்கிறது. காக்பிட்டில் இருந்த இருவர் காதிலும் ஏறவில்லை.

துணை விமானி இரண்டாவது ரேடியோவில் நிறுவனத்தை அழைத்தார். ஒரு கை ஃபிளாப்ஸ் லிவரில், கண் கீழே. 17வது நொடியில் நிமிர்ந்தார். மினுக்கும் மஞ்சள் விளக்குகள் எதிரே இருந்தன. வலப்பக்கம் தொலைவில், உள் ஓடுபாதையில், பிரகாசமான இரண்டு விளக்குகள்.

மூன்று நொடி அவர் எதுவும் பேசவில்லை. தான் வேறு ரேடியோவில் இருந்தபோது கடக்கும் அனுமதி வந்திருக்குமோ என்று யோசித்திருக்கிறார். 20வது நொடியில், "சார், நமக்கு கிராஸிங் கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார். கேப்டன், "ம்… கொடுத்துட்டாங்கல்ல?" என்றார். அதுவும் ஒரு கேள்விதான். 23வது நொடியைத் தாண்டியபோது துணை விமானி, "ஸ்டாப், சார், ஸ்டாப்!" என்றார். கேப்டன் உடனே பிரேக்கை அழுத்தினார். விமானம் நின்றபோது மூக்கு கோட்டைத் தாண்டி 12 மீட்டர் போயிருந்தது.

டவரில் தரை ரேடார் எச்சரிக்கை அடித்தது. கட்டுப்பாட்டாளர் கிளம்பும் விமானத்தை நிறுத்தச் சொன்னார். அது 50 நாட் வேகத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. அமைதியாக நின்று ஓரமாக வெளியேறியது.

உடனே எடுத்த முடிவுகள்

கேப்டன் முதலில் பார்க்கிங் பிரேக் போட்டார். அப்புறம் டவரிடம், "கோட்டைத் தாண்டி நிற்கிறோம், உங்கள் அடுத்த சொல் வரும் வரை அசைய மாட்டோம்" என்று ஒளிக்காமல் சொன்னார். மாட்டிக்கொள்வோமே என்ற பயத்தில் அவசரமாகக் கடந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. ஜெட் விமானத்தை இழுவை வண்டி இல்லாமல் பின்னால் கொண்டுவர வழக்கத்தில் வழியில்லை. அதனால் டவர் உள் ஓடுபாதையை முழுக்க நிறுத்திவைத்து, இவர்களைக் கடக்கச் சொன்னது. ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடுபாதை சும்மா கிடந்தது.

நின்ற வேகத்தில், மயங்கிய பெரியவரின் அருகே நின்ற மூத்த கேபின் பணியாளர் கீழே விழுந்தார். மணிக்கட்டு பிசகியது. மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. பெரியவர் சாப்பிடாமல் மாத்திரை போட்டிருந்தார். மருத்துவர் வந்து பார்த்த பிறகு பெரியவர் நலமாக வீடு போனார்.

விமானம் நிறுத்தத்துக்கு வந்ததும் கேப்டன் பொறியாளரிடம் சொல்லி, காக்பிட் குரல் பதிவுக் கருவியின் மின் இணைப்பைத் துண்டிக்கச் செய்தார். அது கடைசி 2 மணி நேரத்தை மட்டும் வைத்திருக்கும் வகை. ஓடிக்கொண்டே இருந்தால் மேலே பதிவாகி அழிந்துவிடும். தங்களுக்கு எதிராகப் போகக்கூடிய சாட்சியை அவரே காப்பாற்றினார். அன்றிரவே இருவரும் தனித்தனியாக எழுத்துப்பூர்வமாக அறிக்கை கொடுத்தார்கள். மறுநாள் முதல் இருவரும் பறக்கும் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம்

ஊரில் சிலர் கேட்டார்கள்: ஒன்றும் ஆகவில்லையே, 12 மீட்டருக்கா இவ்வளவு?

கணக்குப் போட்டால் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கோடு நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர். மூக்கு நின்றது 78 மீட்டரில். கிளம்பிய விமானத்தின் ஒரு பக்க இறக்கை 18 மீட்டர். அன்றைக்கு அது கிளம்பிப் போயிருந்தாலும் இடித்திருக்காது. ஆனாலும் சர்வதேச விதிப்படி இது ஓடுபாதை மீறல்தான். ஓடுபாதைக்கென்று காக்கப்படும் பகுதிக்குள் இருக்கக் கூடாத விமானமோ வண்டியோ ஆளோ இருந்தாலே மீறல். இடித்ததா என்பது அந்த வரையறையில் இல்லை.

இங்கே 12 மீட்டரை நேரமாக மாற்றிப் பார்க்க வேண்டும். நொடிக்கு 10 மீட்டர் போகிற விமானத்துக்கு அது ஒன்றேகால் நொடிகூட இல்லை. நிமிர்ந்து பார்த்ததற்கும் "ஸ்டாப்" என்றதற்கும் நடுவே போனது ஆறு நொடிக்கு மேல், 60 மீட்டருக்கு மேல். நிமிர்ந்த கணத்திலேயே சொல்லியிருந்தால் கோட்டுக்குக் கிட்டத்தட்ட 50 மீட்டர் முன்பே நின்றிருப்பார்கள். சொல்லாமலே விட்டிருந்தால், நின்ற அந்த இடத்திலிருந்து இன்னும் எட்டு நொடியில் ஓடுபாதையின் நடுவே இருந்திருப்பார்கள்.

குன்னூர் மைதானத்தில் நடந்து பார்த்தது

பணியிலிருந்து விலக்கப்பட்ட நாட்களில் துணை விமானி குன்னூருக்கு வந்துவிட்டார். முதல் வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, "அங்கிள், நான் பார்த்தேன். பார்த்தும் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கேப்டனைத் தொலைபேசியில் அழைத்து, வர முடியுமா என்று கேட்டேன். மூன்றாம் சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து காரில் ஏறி வந்தார்.

பள்ளி மைதானம் ஒன்றில் கோலமாவால் பத்தில் ஒரு பங்கு அளவில் இரண்டு ஓடுபாதைகளையும் நடுவே இணைப்பையும் வரைந்தோம். 250 மீட்டர் 25 மீட்டர் ஆனது. நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் சாதாரண நடைதான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். கூட்டத்துப் பிள்ளைகளில் ஒருவர் நொடியை உரக்க எண்ண, இன்னொருவர் டவர், இன்னொருவர் கேபின். நடுவில் பனிமூட்டம் இறங்கி, பத்தடி தள்ளி இருந்த கோடே தெரியாமல் போயிற்று. யாரும் நிறுத்தவில்லை.

மூன்று முறை நடந்தார்கள். முதல் முறையே ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. 3வது நொடியிலிருந்து 17வது நொடி வரை விமானத்தை உண்மையில் ஓட்டியவர் ஒருவர் மட்டும். அந்த ஒருவரும் பாதி நேரம் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை, மணி அடித்ததும் கேப்டன் நின்றார். மீதியெல்லாம் நின்றபடி நடந்தது. கோட்டை நெருங்கவே இல்லை. மூன்றாவது முறை எல்லாம் அன்றைக்கு நடந்தபடியே. துணை விமானி நிமிர்ந்ததும் "ஸ்டாப்" சொல்வது என்று மட்டும் மாற்றினோம். அவரால் உடனே சொல்ல முடியவில்லை. தெரிந்தே நடக்கும் ஒத்திகையிலும், கேப்டனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு ஒரு நொடி பிடித்தது. சத்தமும் சின்னதாக வந்தது. நான்காவது முறை வேண்டுமென்று அவரே கேட்டு நடந்தார்.

ஓரத்தில் நாற்காலி போட்டு அவருடைய தாத்தா உட்கார்ந்திருந்தார். மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக வேலை பார்த்தவர். அந்த ரயிலைத் தெரியாதவர்களுக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். ஓட்டுநருக்கு எதிரே வரும் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முன் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். அவர் காட்டும் கொடியைப் பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் பின்னுக்குக் கடத்துவார்கள். பெரியவர் கேப்டனிடம் கேட்டார்: "பாப்பா உங்ககிட்ட கேள்வி கேட்டுச்சுன்னு சொல்றீங்க. எங்க கொடியில கேள்வி கேக்கறதுக்கு ஒரு நிறம் கிடையாதுங்களே. தெரியலைன்னா சிவப்பு காட்டிடுவோம். வண்டி நின்னப்புறம் இறங்கிப் போய்ப் பார்ப்போம்." கேப்டன் அதைத் தன் கைப்பேசியில் எழுதிக்கொண்டார்.

என் கருத்தில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். துணை விமானி மரியாதைக்குறைவாகிவிடுமே என்று சந்தேகத்தைக் கேள்வியாக்கினார். கேள்விக்குப் பதில் யோசிக்க நேரம் ஆகும், அந்த நேரம் முழுக்க விமானம் ஓடிக்கொண்டே இருக்கும். 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃபில் மூடுபனியில் இரண்டு ஜம்போ ஜெட்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கிளம்பிய விமானத்தின் காக்பிட்டில் இருந்த விமானப் பொறியாளர், மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ என்று கேள்வியாகத்தான் கேட்டார். போய்விட்டது என்று கேப்டன் அழுத்திச் சொல்ல, விமானம் ஓடிக்கொண்டே இருந்தது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. 1999 டிசம்பர் 6 இரவு, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நிலையத்தில் மூடுபனி. இறங்கிய விமானம் ஒன்று டாக்ஸிவேயில் வழி தவறி, மறுபடி ஓடுபாதைக்கே வந்துவிட்டது. கிளம்பிய சரக்கு விமானம் ஒன்று அதற்கு மிக அருகே மேலேறிப் போனது. அதற்குப் பிறகும் கட்டுப்பாட்டாளர் அடுத்த விமானத்துக்குக் கிளம்ப அனுமதி கொடுத்தார். அந்த விமானிகள் மறுத்தார்கள். வழி தவறிய விமானம் முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தது தெரியும் வரை கிளம்பவில்லை. எங்கள் கூட்டத்தில் அந்த மறுப்பைப் பற்றி நெடுநேரம் பேசினோம்.

டவர் பக்கம் நின்று பார்த்தால்

என் தொழிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிற்கச் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டால், கட்டுப்பாட்டாளர் மனத்தில் அந்த விமானம் நின்றுவிட்டதாகவே பதிந்துவிடும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஆனால் திருப்பிச் சொன்னவர் ஒருவர், சக்கரத்தைத் திருப்புகிறவர் இன்னொருவர். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் கடலோரக் காவல் விமானத்துக்குக் கிடைத்த உத்தரவு, நிறுத்தக் கோடு வரை வரலாம் என்பது. அதை அவர்கள் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். பிறகு ஓடுபாதைக்குள் போய் நின்றார்கள். இறங்கி வந்த பயணிகள் விமானம் மோதி, சிறு விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தீ சூழும் முன் வெளியேறினார்கள்.

இந்த நிகழ்வில் கட்டுப்பாட்டாளர் தவறு செய்யவில்லை. ஆனால் இறங்கிய விமானம் 20 நாட் வேகத்தில் கோட்டை நோக்கி வரும்போதே, எதிரே கிளம்ப அனுமதி கொடுப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். அது நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். பத்து நொடி போகும், அவ்வளவுதான்.

பின்னர் நடந்தது

விசாரணை முடிந்து, இருவருக்கும் திருத்தப் பயிற்சியும் சிமுலேட்டர் சோதனையும் கொடுக்கப்பட்டன. துணை விமானி ஐந்து வாரத்திலும் கேப்டன் ஏழு வாரத்திலும் பணிக்குத் திரும்பினார்கள். தாங்களே எல்லாவற்றையும் சொன்னதையும் பதிவைக் காத்ததையும் விசாரணை கணக்கில் எடுத்துக்கொண்டது.

நிறுவனம் நடைமுறையில் மாற்றியவை: இறங்கிய பிறகு செய்யும் ஃபிளாப்ஸ் முதலான வேலைகள், வழியில் கடக்க வேண்டிய கடைசி ஓடுபாதையையும் வால் தாண்டிய பிறகே. முன்பு, இறங்கிய ஓடுபாதையை விட்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது. டவர் அலைவரிசையை ஒருவர் விட்டுப் போக வேண்டுமென்றால், விமானம் முதலில் நிற்க வேண்டும். இறங்கும் முன் பேசும்போது தரைவழியும், கடக்க வேண்டிய ஓடுபாதையும் கட்டாயம் சொல்லப்பட வேண்டும்.

கேபின் அழைப்பைப் பற்றி எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. அந்த நேரத்தில் அழைத்திருக்கவே கூடாது என்றார்கள் சிலர். ஒரு மனிதர் மயங்கிக் கிடக்கும்போது அழைக்காமல் எப்படி இருப்பது? மூத்த கேபின் பணியாளரோடு தொலைபேசியில் பேசினேன். "காக்பிட்ல எடுத்து 'பொறுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன் சார், நான் உட்கார்ந்தும் இருப்பேன்" என்றார். இரண்டு பக்கமும் அந்த ஒரு சொல்லை ஒத்துக்கொண்டால் போதும் என்று எனக்குப் படுகிறது. உண்மையான அவசரம் என்றால் விமானத்தை நிறுத்திவிட்டுப் பேசலாம்.

அந்த இணைப்பில் சிவப்பு விளக்கு வரிசை பதிக்க வேண்டும் என்பது விசாரணைப் பரிந்துரைகளில் ஒன்று. இதை எழுதும் இன்று வரை பதிக்கப்படவில்லை. இதை விட்டுவிடக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். களைத்த மனத்துக்கும் மினுக்கும் மஞ்சளுக்கும் நடுவே சிவப்பு என்ற ஒன்று தேவை.

நான்கு மாதம் கழித்து பணிப்பட்டியலில் இருவர் பெயரும் மறுபடி சேர்ந்து வந்தது. அதே நிலையம், இரவு, வெளி ஓடுபாதை. உள் ஓடுபாதைக்கு முன் நிற்கச் சொன்னது டவர். துணை விமானி திருப்பிச் சொன்னார். கேப்டன், "நிக்கறோம், உள் ஓடுபாதைக்கு முன்னாடி" என்று தானும் வாய்விட்டுச் சொன்னார். கோட்டுக்கு வெகு முன்பே நின்று பார்க்கிங் பிரேக் போட்டார். கிளம்பிய விமானம் ஒன்று எதிரே கடந்து போயிற்று. கடக்கும் அனுமதி வந்ததும் வெளி விளக்குகள் எல்லாவற்றையும் போட்டு, இருபக்கமும் பார்த்து, வலம் காலி, இடம் காலி என்று இருவரும் சொல்லிக் கடந்தார்கள். வால் கோட்டைத் தாண்டியது என்று துணை விமானி சொன்ன பிறகு, கேப்டன் ஃபிளாப்ஸ் கேட்டார்.